சரளைமேட்டுத் துள்ளிகள்

மினியாபொலிஸ்
ஜூன் 11, 1994

அன்புள்ள அக்கா,

ஈஸ்டருக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் உன் குரல் கேட்டதும் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிவிடுவேன். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

சரளை வியாபாரி வெர்லின் டால் அனுப்பிய ஒப்பந்தம் என் மேசையில்தான் இருக்கிறது. அப்பா மேட்டுப் புல்வெளியை நம் இருவர் பேரிலும் எழுதிவைத்ததால், என் கையெழுத்து இல்லாமல் வெர்லின் அங்கே மண்வாரி இயந்திரத்தை இறக்க முடியாது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இன்னும் போடவில்லை, அவ்வளவுதான். பிப்ரவரிப் பனியில் மாட்டுக்கொட்டகைக் கூரை விழுந்ததும், அடுத்த குளிருக்குள் அதைக் கட்டியாக வேண்டும் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

உன்னைக் கேட்காமல் புல்வெளிக் காப்பு அறக்கட்டளைக்கு எழுதியதுதான் உன் கோபம். ஆனால் ஈஸ்டர் விருந்தில் மாமா முன்னால் "படிச்ச திமிர்" என்றாயே, அதற்கு முன் ஏன் எழுதினேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது சொல்கிறேன். இங்கே அருங்காட்சியகத்தில் நான் அடுக்கும் இழுப்பறை ஒன்றில் இரண்டு சின்னப் பட்டாம்பூச்சிகள் இருந்தன. டகோட்டாத் துள்ளி என்று பேர். அவற்றின் சீட்டில் நம் ஊர் பேரும் "சரளைமேடு" என்றும் எழுதியிருந்தது. யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் அறுபது வருடத்துக்கு முன் பிடித்தது. உழாத புல்வெளியில் மட்டும்தான் அது வாழும். இந்த மாநிலத்தில் அதற்கு மிச்சமிருக்கும் இடங்கள் ரொம்பக் குறைவு.

இந்தக் கோடையில் நம் மேட்டில் அது இருப்பது உறுதியானால், அறக்கட்டளை மேட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். முதல் வருடத் தொகை கூரைக்குப் போதும். புல் நம்முடையதுதான், ஜூலை கடைசியில் அறுத்துக்கொள்ளலாம். சரளை எடுத்தால் மேடே இருக்காது.

துள்ளி பறப்பது வருடத்தில் மூன்று வாரம், மேட்டில் ஊதா நிறக் கூம்புப்பூ பூக்கும்போது. இன்னும் சில நாளில் தொடங்கிவிடும். நான் வந்து தேடிப் பார்க்கலாமா? வீட்டுக்குள் வரவில்லை. மேட்டுக்கு மட்டும்.

மெர்னா


சரளைமேடு
ஜூன் 15

அடியே மெர்னா,

வீட்டுக்குள்ள வரலையாம், மேட்டுக்கு மட்டுமாம். நீ என்ன மானா, வேலிய தாண்டி வந்து மேஞ்சிட்டுப் போக? நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதேன்னு சொன்னேன். இன்னும் கூப்பிடல.

அந்த அறக்கட்டளை ஆளு ஹஃப்மன், போன ஆகஸ்ட்ல பளபளக்கிற பூட்ஸோட வந்து நின்னு, "உங்க தங்கச்சி கடிதம் போட்டாங்க"ன்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் சாணி அள்ளிட்டு நிக்கிறேன். என் நிலத்தப் பத்தி என்னைவிட அவனுக்கு அதிகம் தெரிஞ்சிருக்கு. இனிமே வெளியாளு ஒருத்தனும் அங்க கால் வைக்கக் கூடாது. நீயும் இப்ப வெளியாளுதான்.

ஆனா உன்ன மாதிரி நான் முதுகுக்குப் பின்னால எதுவும் பண்ண மாட்டேன். நேரா சொல்றேன் கேட்டுக்கோ. நானே பிடிச்சு அனுப்பறேன். மேட்டுல ஆரஞ்சா எது பறந்தாலும் பிடிச்சுத் தபால்ல போடறேன். நீ அதுதானா இல்லையான்னு எழுதணும். கடைசிக் கூம்புப்பூ கருகுற வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒண்ணும் அகப்படலேன்னா நீ வெர்லின் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். அப்புறம் பட்டாம்பூச்சின்னு வாயத் திறக்கக் கூடாது. சம்மதமா?

அது அங்க இல்லேன்னு நிரூபிக்கத்தான் பிடிக்கிறேன். அத நல்லா ஞாபகம் வச்சுக்கோ. இருபத்தோரு வருஷமா அந்தப் புல்ல அறுக்கிறேன். அரிய பட்டாம்பூச்சி இருந்தா என் மூக்குல வந்து உக்காந்திருக்காதா?

அர்டிஸ்

மீன் அள்ளுற வலையில பழைய ஜன்னல் திரையத் தைச்சு வச்சிட்டேன். வெர்லின் பார்த்துட்டு, "அர்டிஸ், கல்யாணத்துக்கு முக்காடா?"ன்னு கேட்டான். "ஆமா, உனக்குத்தான், தலைய நீட்டு"ன்னேன்.


மினியாபொலிஸ்
ஜூன் 18

அன்புள்ள அக்கா,

சம்மதம்.

எழுதிவிட்டு ரொம்ப நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடிக்கவில்லை.

நம் மாநிலத்தில் இந்தத் துள்ளியைப் பிடிக்க அனுமதிச்சீட்டு வேண்டும். அருங்காட்சியகத்தின் சீட்டில் உன் பேரைச் சேர்த்திருக்கிறேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வகைக்கு ஒன்றிரண்டு போதும், அதற்குமேல் வேண்டாம். பிடித்ததைச் சின்ன ஜாடியில் போட்டு ஐஸ்பெட்டியில் வை. மறுநாள் எடுத்து, காகிதத்தை முக்கோணமாக மடித்து அதற்குள் வைத்து, எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது என்று மேலே எழுது.

மேட்டில் செம்மஞ்சளாகப் பறப்பவை நான்கு வகை இருக்கலாம். எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நேராகப் பறக்காமல் துள்ளித் துள்ளிப் போவதால்தான் துள்ளி என்கிறோம்.

ஐரோப்பாத் துள்ளி முழுக்க மஞ்சள். சிறகின் ஓரத்தில் மட்டும் பேனாவால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கரை இருக்கும். செவ்விளிம்புத் துள்ளி பழுப்பு. முன்சிறகின் மேல்விளிம்பு மட்டும் செம்மஞ்சள். நீள்கோட்டுத் துள்ளிதான் ஏமாற்றும். அதன் ஆணுக்கு முன்சிறகின் நடுவே ஒரு கருங்கோடு உண்டு. அது நீண்டுகொண்டே போய்ச் சிறகு நுனியில் இருக்கும் கறுப்புத் திட்டோடு சேர்ந்துவிடும். டகோட்டா ஆணுக்கும் கருங்கோடு உண்டு. ஆனால் குட்டை, தடிப்பு, நுனியை எட்டாமல் நடுவிலேயே நின்றுவிடும். டகோட்டாப் பெண்ணுக்குக் கோடே கிடையாது. பழுப்புச் சிறகில் சில வெளிறிய புள்ளிகள் மட்டும் இருக்கும்.

இல்லை என்றால் இல்லை என்றுதான் எழுதுவேன். நீ அதில் சந்தேகப்பட வேண்டாம்.

மெர்னா


சரளைமேடு
ஜூன் 25

மகாராணிக்கு,

இருமல் மிட்டாய் டப்பாவுல ஆறு அனுப்பியிருக்கேன். ஐஸ்பெட்டியில பட்டாணிப் பைக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி தூங்குச்சுங்க. ஆறும் முழு மஞ்சள். பாதையோரம் தீவனத்துக்கு விதைச்ச திமோத்திப் புல்லுல கூட்டம் கூட்டமா இருக்கு. வலைய ஒரு வீசு வீசினாப் போதும்.

ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஆராதனை முடிஞ்சு கீழ காபி குடிக்கையில வெர்லின் எல்லார் முன்னாலயும் கேட்டான். "என்ன அர்டிஸ், பட்டாம்பூச்சி வேட்டை எப்படி?" நான் "மோசமில்ல"ன்னேன். நம்ம ஊர்ல அதுக்கு மேல ஒருத்தன் என்ன சொல்லிட முடியும்? அவன் பெண்டாட்டி புளிப்பு ருபார்ப் கேக் தட்ட என் பக்கம் தள்ளிட்டு, "பாவம், பிள்ளைங்க இல்லாதவங்களுக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேணும்"ங்கிறா. நான் ரெண்டு துண்டு எடுத்துக்கிட்டேன்.

இதுல எதாவது அதுவா? அதுவா இருக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன்.

அர்டிஸ்


மினியாபொலிஸ்
ஜூன் 29

அன்புள்ள அக்கா,

ஆறும் ஐரோப்பாத் துள்ளி. இல்லை.

கடல் தாண்டி வந்த பூச்சி அது. திமோத்திப் புல்லில் முட்டையிடும், புல்கட்டோடு ஊர் ஊராகப் பயணம் போகும். உழுத நிலம், உழாத நிலம் என்றெல்லாம் அதற்குப் பேதமில்லை. நமக்கு அதனால் ஒன்றும் நிரூபணமாகாது.

பாதையோரம் வேண்டாம். மேலே, சரளை தெரியும் இடத்தில், கூம்புப்பூவில் தேடு.

நீ அனுப்பிய சீட்டுகளில் "யார் பிடித்தது" என்ற இடத்தில் "வெளியாளின் அக்கா" என்று எழுதியிருந்தாய். என் மேலாளர் திருமதி பெக்மன் அதை வாசித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெர்னா


சரளைமேடு
ஜூலை 4

மெர்னா,

பட்டாசுச் சத்தத்துல மாடுங்க மிரண்டு கிடக்கு. அதுங்க அடங்கறதுக்குள்ள எழுதிடறேன்.

ஆறையும் இல்லேன்னு எழுதிட்டியே. ஒண்ணையாவது ஆமான்னு சொல்லி இழுப்பேன்னு நினைச்சேன். சரி. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

உன் மேல எனக்குப் பெரிய புகார் இருக்கு. கோடு குட்டையா நெட்டையா, நுனிய எட்டுதா எட்டலையான்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கே. நான் நாலு நாளா முட்டி போட்டுப் பார்க்கிறேன், ஒரு கோட்டையும் காணோம். ஏன் தெரியுமா? பூவுல உக்காந்த உடனே அது றெக்கைய மூடிக்குது! உன் இழுப்பறையில ஊசி குத்திக் கைய விரிச்சு நிக்கறதுக்கு எல்லாம் தெரியும். இங்க அது சர்ச்ல ஜெபம் பண்ற லூத்தரன் கை மாதிரி இறுக்கி மூடிட்டு உக்காந்திருக்கு. நீ வீட்டுக்குள்ள தரை எப்படி இருக்கும்னு சொல்றே. எனக்குத் தெரியறது வெளிச்சுவரு மட்டும்தான். அந்த மேட்டுலயே இருபது வருஷம் சுத்தினவளுக்கு இது மறந்துபோச்சா? பட்டம் வாங்கினா மூடின றெக்கை ஞாபகத்துல நிக்காதா?

மூணு அனுப்பறேன். ஒண்ணு சின்னது, பழுப்பு. ஒண்ணோட வெளிச்சுவத்துல மஞ்சள் திட்டு திட்டா இருக்கு. மூணாவது, மேட்டு உச்சியில கூம்புப்பூவுல பிடிச்சது. ரொம்பத் துரத்தவிட்டுச்சு. பிடிச்சப்புறம் றெக்கைய விரிச்சுப் பார்த்தேன், குட்டையா ஒரு கோடு இருந்துச்சு. நிசமாவே அதுவா இருந்துடுமோன்னு பயந்துட்டேன். தொலைஞ்சுடக் கூடாதுன்னு அதை மட்டும் அட்டையில வச்சு மேல டேப் போட்டு அழுத்தி ஒட்டியிருக்கேன். விதைச் சாம்பிள் அனுப்பறப்போ நாம அப்படித்தானே அனுப்புவோம்.

அர்டிஸ்


மினியாபொலிஸ்
ஜூலை 8

அன்புள்ள அக்கா,

நீ சொன்னது சரி. மூடிய சிறகைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நாள் முழுக்க விரித்த சிறகுகளையே பார்க்கிறேன். உயிரோடு இருப்பது எப்படி உட்காரும் என்பதே மனதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மூடியிருக்கும்போது உனக்குத் தெரிவது பின்சிறகின் அடிப்பக்கம். செவ்விளிம்புத் துள்ளிக்கு அது வெறும் பாசிப்பழுப்பு, குறி எதுவும் இல்லை. நீ அனுப்பிய சின்னது அதுதான். நீள்கோட்டுத் துள்ளிக்குத் துருப்பிடித்த நிறத்தில் பெரிய மஞ்சள் திட்டுகள் வளைந்த வரிசையாக இருக்கும். உன் இரண்டாவது அது. டகோட்டாவுக்குத் திட்டு எதுவும் பளிச்சென்று இருக்காது. ஆணுக்குத் தூசி படிந்த மஞ்சள், பெண்ணுக்குச் சாம்பல் பழுப்பு. இரண்டிலும் வெளிறிய புள்ளிகள் ஒரு வரிசை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. பலமுறை துவைத்த ஏப்ரனில் பூ மங்கியிருக்குமே, அப்படி.

மூன்றாவதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன்.

துள்ளியின் நிறம் தோலில் இல்லை அக்கா. கூரை ஓடு போல அடுக்கியிருக்கும் செதில் பொடியில் இருக்கிறது. டேப்பைப் பிரித்தபோது சிறகு கண்ணாடி போல வெறுமையாக நின்றது. பொடியெல்லாம் டேப்பில். அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எது கோடு, எது புள்ளி என்று தெரியாமல் ஒரே குழப்பம். உடலை வைத்தாவது பார்க்கலாம் என்றால், அது வழியில் நசுங்கிப் பசையோடு பசையாகிவிட்டது.

ஹஃப்மன் தொலைபேசியில் அழைத்தார். "உங்களுக்கு என்ன தோணுது, மெர்னா?" என்றார். எனக்கு அதுதான் என்று தோன்றுகிறது என்றேன். "தோணினாப் போதும், எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நாங்க நம்பறோம்" என்றார். நான் சீட்டில் டகோட்டாத் துள்ளி என்று எழுதினேன். மையும் காய்ந்தது. பிறகு அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: "உறுதியாகச் சொல்ல முடியாது."

உனக்கும் அதையே எழுதுகிறேன். சொல்ல முடியாது.

மெர்னா


சரளைமேடு
ஜூலை 11

சொல்ல முடியாதாமே!

கொசு என்ன உசிரோட தின்னுடுச்சு. புல் அறுக்கிற நேரத்துல ஊரே அறுத்துக் கட்டிட்டு இருக்கு, நான் மட்டும் ஜன்னல் திரையத் தூக்கிட்டு மேட்டுல ஓடறேன். பக்கத்துப் பண்ணை நெல்ஸ் கிழவர் டிராக்டர நிறுத்தி, "உடம்புக்கு ஏதும் சரியில்லையாம்மா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. என் புல் முத்தி முள்ளாகுது. இவ்வளவுக்கும் அப்புறம் உன் பதில், சொல்ல முடியாது. இல்லேன்னாவது எழுதியிருக்கலாம். சண்டை முடிஞ்சிருக்கும்.

கோடு இருந்துச்சு மெர்னா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். குட்டைக் கோடு.

டேப்ப நான்தான் ஒட்டினேன், சரி. நீ ஒட்டாதேன்னு எழுதலையே.

ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. ஹஃப்மன் எழுதிக் குடுன்னு சொல்லியும் ஏன் எழுதல? உனக்கு அந்த மேடு வேணும். ஆமான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா உன் கையிலதான். யாருக்குத் தெரியப்போகுது?

வெர்லின் ஆளுங்க வேலி ஓரமா கம்பு நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டிட்டுப் போயிருக்காங்க. காத்துல அது படபடக்கறப்போ எல்லாம் துள்ளியோன்னு திரும்பிப் பார்க்கிறேன். உன்னால எனக்கு வந்த வியாதி இது.

அர்டிஸ்


மினியாபொலிஸ்
ஜூலை 14

அன்புள்ள அக்கா,

நேராகப் பதில் சொல்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது என்று கேட்டாய். எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை.

இந்த அறையில் நான் ஒரு சீட்டில் பேர் எழுதினால், நான் செத்த பிறகும் அது அந்த ஊசியில் இருக்கும். யாரோ ஒருவர் அதை நம்பி நம் மேட்டுக்கு வருவார். காணவில்லை என்றால், நான் எழுதிய மற்ற எல்லாச் சீட்டையும் சந்தேகப்படுவார். அந்தச் சீட்டுகளை நம்பித்தான் வேறு யாருடைய மேடோ பிழைத்திருக்கும். இதை ஹஃப்மனிடம் சொல்ல வாய் வரவில்லை. "இல்லைங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு எழுத வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மேட்டைப் பொய் சொல்லி வாங்கினால் அதில் நான் எப்படி நடப்பேன்?

வெர்லினின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்புகிறேன். சொன்ன சொல் சொன்னதுதான். இந்த வாரத்தோடு கூம்புப்பூ முடியும். முடிந்ததா இல்லையா என்று நீயே தீர்மானி. அங்கே நிற்பவள் நீ. முடிந்த அன்று அதை அவரிடம் கொடுத்துவிடு. நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

குளிர் வரும்போது மாடுகள் கூரைக்குக் கீழே நிற்கட்டும்.

மெர்னா


சரளைமேடு
ஜூலை 18

மெர்னாக் குட்டி,

உன் கவர் வெள்ளிக்கிழமை வந்துச்சு. பிரிச்சேன், உன் கையெழுத்தப் பார்த்தேன், மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வச்சேன். சனிக்கிழமை காலையில வெர்லின் டிரக்க முற்றத்துல நிறுத்திட்டு இறங்காமலே கேக்கறான்.

"தங்கச்சி கையெழுத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்போ குடு."

"பூ இன்னும் முடியல."

அவன் தொப்பியத் தூக்கி மேட்டப் பார்த்தான். "அங்க ரெண்டு பூதான் இருக்கு, அர்டிஸ்."

"ரெண்டு இருக்குல்ல."

"நீ அது இல்லேன்னு காட்டத்தானே தேடினே? காட்டிட்டே. அப்புறம் என்ன?"

வலைய எடுத்துட்டு மேட்டுல ஏறிட்டேன். அவன் கொஞ்ச நேரம் எஞ்சின ஓடவிட்டு உக்காந்திருந்தான், அப்புறம் போயிட்டான்.

பதில் அப்புறமா வந்துச்சு, மேல நிக்கறப்போ. இல்லேன்னு சொன்னா சரின்னு விட்டிருப்பேன். ஆமான்னு சொல்லியிருந்தாலும், பொய்தான்னு திட்டிட்டு விட்டிருப்பேன். சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டு, கையெழுத்தையும் போட்டுக் குடுத்துட்டு, அங்கயே ஒதுங்கி உக்காந்துட்டே பாரு. அதுக்கப்புறம் எனக்கே தெரிஞ்சாகணும். வெர்லினுக்காக இல்ல, கூரைக்காக இல்ல. இருக்கா இல்லையா, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காத்து ஆளத் தள்ளிச்சு, ஒண்ணும் பறக்கல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகல. என்னப் பத்தி என்ன பேசியிருப்பாங்கன்னு நீயே நினைச்சுக்கோ. காத்து விழுந்து வெயில் ஏறினதும் முதல்ல ஒண்ணு வந்துச்சு. துரு நிறம், மஞ்சள் திட்டு. நீள்கோடு, விட்டுட்டேன். அடுத்து ஒண்ணு கிழிஞ்ச றெக்கையோட. மேல்விளிம்பு ஆரஞ்சு, கீழ வெறும் பாசி. செவ்விளிம்பு, அதையும் விட்டுட்டேன். வலையவே தூக்கல.

அப்புறம் வெர்லினோட கம்புக்கு உள்பக்கமா, நம்ம வேலிக்குள்ள, மிச்சம் இருந்த ஒரு கூம்புப்பூவுல இது வந்து உக்காந்துச்சு. றெக்கைய மூடிட்டுக் குடிச்சுது. நான் மண்டி போட்டு மூச்ச அடக்கிப் பார்த்தேன். சாம்பல் பழுப்பு. திட்டு கிடையாது. வெளிறின புள்ளி ஒரு வரிசை, முதல்ல தெரியல, தலைய சாச்சப்போ தெரிஞ்சுது. அதே துவைச்ச ஏப்ரன். பறந்தப்போ உள்பக்கம் பார்த்தேன். கோடு இல்ல. முன்சிறகுல வெள்ளைப் புள்ளி ஒண்ணு ரெண்டு. பெண்ணு.

திரும்ப உக்காந்ததும் வலையப் போட்டேன். டேப் போடல. முக்கோணமா மடிச்சு, டப்பாவுக்குள்ள பஞ்சு வச்சு, பஞ்சுக்கு மேல வச்சிருக்கேன். நான் என்ன நினைக்கிறேன்னு காகிதத்துலயே எழுதியிருக்கேன். நான் நினைக்கறது முக்கியமில்ல, நீ பாரு.

கடைசிப் பூ இன்னைக்குச் சாயங்காலம் கருகிடுச்சு. பேப்பர் இன்னும் என் சட்டைப் பையில இருக்கு. உன் பதில் வர்ற வரைக்கும் இருக்கும். இல்லேன்னா இல்லேன்னு எழுது. எனக்காக எதையும் வளைக்காதே.

அர்டிஸ்


மினியாபொலிஸ்
ஜூலை 21

அக்கா,

அதுதான்.

டகோட்டாத் துள்ளி, பெண். ஒரு செதில்கூட உதிரவில்லை. இழுப்பறையில் இருக்கும் நம் ஊர்ப் பெண் துள்ளியின் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்தேன். பிறகு திருமதி பெக்மனைக் கூப்பிட்டேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே, "இதுல சந்தேகமே இல்லம்மா, எங்க பிடிச்சாங்க?" என்றார். நான் உன் சீட்டை நீட்டினேன். ஹஃப்மனுக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன். அடுத்த வாரம் குத்தகைக் காகிதம் உனக்கு வரும். அதை முதலில் நீ படி. உனக்குச் சம்மதம் என்றால் மட்டும் நானும் கையெழுத்துப் போடுகிறேன். வெர்லினின் காகிதத்தை என்ன செய்வது என்பதையும் நீயே முடிவுசெய்.

ஒவ்வொரு ஊசிக்கும் கீழே இரண்டு சீட்டு குத்துவது இங்கே வழக்கம். முதல் சீட்டில் எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று இருக்கும். இரண்டாவதில் இது இன்ன துள்ளி என்று அடையாளம் சொன்னவரின் பேர். முதலாவதில் உன் பேரை எழுதினேன். இரண்டாவதில் திருமதி பெக்மன் என் பேரை எழுதச் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் அவரிடம் முடியாது என்று சொன்னதே இல்லை. நேற்று சொன்னேன். "எனக்கு முன்னாடியே இவங்க எழுதிட்டாங்க" என்று உன் முக்கோணக் காகிதத்தைக் காட்டினேன். உன் கோணல் எழுத்தில் "டகோட்டா, பெண் என்று நினைக்கிறேன்" என்று இருந்ததை அவர் இரண்டு தரம் படித்தார்.

இரண்டு சீட்டிலும் அர்டிஸ் ஸ்டென்ஸ்ருட் என்றுதான் இருக்கிறது. "என்று நினைக்கிறேன்" என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மெர்னா


சரளைமேடு
ஜூலை 25

மெர்னா,

உன் கடிதம் வந்தப்போ வெர்லின் முற்றத்துலதான் நின்னான். அவன் முன்னாலயே பிரிச்சேன். முதல் வரி ஒரே ஒரு வார்த்தை. அத அவன்கிட்டத் திருப்பிக் காட்டினேன்.

"எது அதுதான்?"ன்னான்.

"நீ தோண்ட வேண்டியது வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம்"னேன். சட்டைப் பையிலேர்ந்து பேப்பர எடுத்து அவன் கண்ணு முன்னாலயே நாலா கிழிச்சேன். மனுஷன் கோவப்படுவான்னு நினைச்சேன். குனிஞ்சு கிழிஞ்ச துண்டையெல்லாம் பொறுக்கினான். அப்புறம், "அந்தப் பூச்சி எங்க? ஒரு தடவ காட்டேன், நாலு வாரமா இதப் பத்தியே கேக்கறேன்"ங்கிறான். இனி அடுத்த வருஷம்தான்னு சொன்னேன். கம்பையெல்லாம் அவனே பிடுங்கிட்டுப் போனான்.

குத்தகைக் காகிதம் வந்தாச் சொல்றேன். ஒவ்வொரு வரியா படிப்பேன். பிடிக்கலேன்னா ஹஃப்மன் திரும்ப வரணும், இந்தத் தடவ சாணி மிதிக்கிற பூட்ஸோட.

சீட்டுல என் பேரு போட்டத நான் யாருகிட்டயும் சொல்லல. நெல்ஸ் கிழவர்கிட்ட மட்டும் சொன்னேன். அவர்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு எனக்கென்ன தெரியாதா?

இப்ப முக்கியமானது. நீ என்னைக் கேக்காம அந்த அறக்கட்டளைக்கு எழுதினது தப்புதான். பட்டாம்பூச்சி இருந்ததுனால அது சரியாகிடாது. நான் உன்ன மாமா முன்னால அப்படிச் சொன்னதும் தப்புதான். அதப் பத்தி எனக்குப் பேசறதுக்கு நிறைய இருக்கு. தபால்ல திட்டினா நடுவுல நீ பதில் சொல்ல முடியாது, எனக்கும் திருப்தியா இல்ல.

சனிக்கிழமை மேற்குப் பக்கம் புல் அறுக்கிறேன். கிழக்குப் பக்கம் அதுங்க முட்டை வச்ச இடம், அத இந்த வருஷம் தொடப்போறதில்ல. டிராக்டர் ஓட்டிக்கிட்டே உன்னத் திட்ட எனக்கு வராது. யாராவது ஸ்டியரிங்கப் பிடிக்கணும்.

வெள்ளிக்கிழமை பஸ்ல வா. நேரா வீட்டுக்குள்ள வா. சண்டை பாக்கி இருக்கு.

அர்டிஸ்